எச்.ஓ.டி. பாதியில் விலகிவிட்டார், இனி யார் கையெழுத்து?

தம்பி ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டது இதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் பிஎச்.டி. செய்கிறார். அவருடைய தங்கையும் அதே துறையில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து போய்ப் பார்த்தால், துறைத் தலைவர் அறைக் கதவில் பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அப்படியே இருக்கிறது, பெயர்ப் பலகையை மட்டும் காணோம். "சார் எச்.ஓ.டி. பொறுப்பை விட்டுட்டார்" என்று அட்டெண்டர் சொன்னதோடு சரி, வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் இந்தத் தம்பிக்கு கைடும், அதாவது ஆராய்ச்சி நெறியாளரும். ஏன் விட்டார், கைடாக இருப்பாரா மாட்டாரா, நவம்பரில் சினாப்சிஸ் (ஆய்வேட்டின் சுருக்கம்) கொடுக்க முடியுமா, தங்கையின் இன்டர்னல் மார்க் என்ன ஆகும் என்று நாலு கேள்வி.

நான் பேராசிரியர் இல்லை. பல்கலைக்கழக அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி ஆணைகளை முதலில் தட்டச்சிலும் அப்புறம் கம்ப்யூட்டரிலும் அடித்து அனுப்பியே முப்பத்தொரு வருஷம் போனது. அதனால் வகுப்பறைப் பக்கத்திலிருந்து இல்லாமல், கோப்புப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில், அவர் விட்டது எதை என்று பிரித்துப் பாருங்கள். "சார் விட்டுட்டார்" என்றால் வேலையையே ராஜினாமா செய்ததாக இருக்கலாம், விருப்ப ஓய்வு கேட்டதாக இருக்கலாம், நீண்ட மருத்துவ விடுப்பாக இருக்கலாம். அல்லது ஆசிரியராக இருந்துகொண்டே தலைவர் பொறுப்பை மட்டும் திருப்பிக் கொடுத்ததாக இருக்கலாம். "திங்கள்கிழமை இரண்டாம் மணிக்கு வழக்கம்போல வந்து தங்கச்சி கிளாஸுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தார்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. நாற்காலியை விட்டிருக்கிறார், வேலையை விடவில்லை.

துறைத் தலைவர் என்பது பதவி இல்லை, பொறுப்பு. பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்பதுதான் பதவி. சம்பள விகிதம் அதற்குத்தான். தலைவர் என்பது அந்தப் பதவியின் தோளில் கொஞ்ச நாளைக்கு ஏற்றி வைக்கிற மூட்டை. திருவாரூரில் இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகம் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. அந்த விதிகளில் தலைவர் பொறுப்பு மூன்று ஆண்டு. இடையில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், கொடுக்கும்போதே வேண்டாம் என்றும் சொல்லலாம். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அவரவர் சட்டம், அவரவர் விதி. சில இடத்தில் சுழற்சி, சில இடத்தில் பணி மூப்பு. எங்கேயானாலும் பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பது குற்றமும் இல்லை, கௌரவக் குறைச்சலும் இல்லை. ஆனால் நம் ஊரில் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தாலே, யாரோ தள்ளிவிட்டார்கள் என்றுதான் பேசுவோம். டீக்கடையில் பாதிக் கதை அப்படித்தான் பிறக்கிறது.

அந்தக் காலத்தில் இப்படிச் சுழற்சியெல்லாம் கிடையாது. உட்கார்ந்தவர் உடம்பு முடிகிறவரை உட்கார்ந்திருப்பார். போகும்போது அடுத்தவரை அவரே கை காட்டுவதும் உண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் 1880இல் ஓய்வு பெற்றபோது, திருவாவடுதுறை மடத்தில் இருந்த உ.வே.சாமிநாதையரைத் தன் இடத்துக்குக் கொண்டுவந்தார். ஐயர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போகிறவரை அங்கேதான் இருந்தார். அவர் ஏட்டுச் சுவடிகளைத் தேட ஆரம்பித்ததே கும்பகோணத்துக்கு வந்த பிறகு கிடைத்த பழக்கத்தால்தான். ஒருவர் இடத்தை விட்டது எங்கே போய் முடிந்தது பாருங்கள். சரி, கேள்விக்கு வருகிறேன்.

ஏன் விட்டார் என்பதற்கு அட்டெண்டரிடம் பதில் கிடைக்காது. ஆணையில் கொஞ்சம் கிடைக்கும். பதிவாளர் அலுவலகத்திலிருந்து துறைக்கு ஒரு நகல் வந்திருக்கும். அது ரகசியக் கடிதம் இல்லை. பெரும்பாலும் அறிவிப்புப் பலகைக்கே வந்துவிடும். அதை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். "அன்னாரது வேண்டுகோளின்படி விடுவிக்கப்படுகிறார்" என்று இருந்தால் அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். "நிர்வாக நலன் கருதி" என்று இருந்தால் மேலே ஏதோ உரசல். "சுழற்சி முறையில்" என்று இருந்தால் காலம் முடிந்திருக்கிறது, அவ்வளவுதான், உங்களுக்குத்தான் தெரியவில்லை. காரணமே இல்லாமல் "இவருக்குப் பதிலாக இவர்" என்று மொட்டையாக இருந்தால், இரண்டு பக்கமும் பேசி முடித்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு, யாரும் பார்ப்பதில்லை. ஆணையின் மேல்பகுதியில் "பார்வை" என்று போட்டு இரண்டு மூன்று வரி இருக்கும். எந்தெந்தக் கடிதத்தின் பேரில் இந்த ஆணை என்கிற விவரம், தேதியோடு. பேராசிரியரின் கடிதம் ஆகஸ்ட் தேதியிலும் ஆணை அக்டோபர் தேதியிலும் இருந்தால், உங்களுக்குத்தான் அது "திடீர்". அவர் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், கோப்பு எங்கேயோ தூங்கியிருக்கிறது. நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இந்த வகைதான். சில சமயம் பார்வையில் இரண்டு கடிதம் இருக்கும். இரண்டாவது நினைவூட்டுக் கடிதம். மனிதர் எவ்வளவு சலித்துப்போயிருக்கிறார் என்பதை அந்த இரண்டாவது தேதி சொல்லிவிடும்.

சலிப்பு ஏன் என்றால், அந்தப் பொறுப்பில் பாடமும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கணக்குப்படி பேராசிரியருக்கு வாரம் 14 மணி நேரம் நேரடி வகுப்பு. நிர்வாக வேலை பார்க்கிறார் என்பதற்காக இரண்டு மணி நேரம் குறைக்கலாம், அவ்வளவே. அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பதிலாக அவர் தலையில் விழுகிறவை: கால அட்டவணை, கௌரவ விரிவுரையாளர் சம்பளப் பட்டியல், தர மதிப்பீடு செய்ய வரும் நாக் குழுவுக்கான புள்ளிவிவரம், ஆய்வுத் திட்டப் பணத்துக்குச் செலவுச் சான்று, தணிக்கை ஆட்சேபணைக்குப் பதில், கூரை ஒழுகுவதற்குப் பொறியாளர் பிரிவுக்குக் கடிதம். அக்டோபர் என்றால் நமக்கு வடகிழக்குப் பருவமழை ஆரம்பம். அந்தக் கடைசிக் கடிதத்தை மட்டும் ஒவ்வொரு வருஷமும் தேதி மாற்றிப் போடலாம். அதோடு, சில வருஷமாகத் தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் இடமே காலியாக இருந்து பொறுப்புக் குழு நிர்வாகம் நடத்தியது. அப்போது கீழே எந்தத் துறைத் தலைவர் எதைக் கேட்டாலும் "குழு கூடட்டும்" என்பதே பதில். அப்படி ஒரு சூழலில் அறுபதை நெருங்குகிற, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற ஒருவர், "என்னை விட்டுடுங்க, நான் பாடம் எடுத்துட்டுப் போறேன்" என்று எழுதிக் கொடுத்தால் அதில் மர்மம் எதுவும் இல்லை.

சண்டையே இருக்காது என்று சொல்லவில்லை. இருக்கும். ஆனால் அது உங்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டியது, சார்ஜ் கைமாறிவிட்டதா என்பது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் சினாப்சிஸ் தாமதமானால் இங்கேதான் தாமதமாகும். ஆணை வந்த அன்றே புதியவர் தலைவர் ஆகிவிடுவதில்லை. பழையவர் ஒப்படைக்க வேண்டும், புதியவர் பெற்றுக்கொண்டேன் என்று எழுத வேண்டும். சாவிக்கொத்து, வட்ட முத்திரை, வருகைப் பதிவேடு, முன்பணக் கணக்கு, அதற்குப் பிறகு இருப்புப் பதிவேடு. ஒரு முறை ஒரு அறிவியல் துறையில் இந்த ஒப்படைப்புக்குச் சாட்சியாக என்னை அனுப்பினார்கள். பதிவேட்டில் நுண்ணோக்கி 24. மேஜையில் அடுக்கினால் 21. இரண்டு, பழுது பார்க்கத் திருச்சிக்குப் போனவை. போனதற்கு ரசீது இருந்தது, வந்ததற்குக் கடுதாசி இல்லை. மீதி ஒன்று எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. புதியவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "இருபத்தொண்ணுன்னு எழுதினா கையெழுத்துப் போடறேன்" என்றார். பழையவர், "நான் சார்ஜ் எடுத்தப்பவே இருபத்தொண்ணுதான்யா இருந்தது, மரியாதைக்குப் போட்டேன்" என்றார். இரண்டு பேரும் பேராசிரியர்கள், இருபது வருஷச் சிநேகிதர்கள். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தது, விளக்குப் போட்ட பிறகும் முடியவில்லை. கடைசியில் லேப் உதவியாளர் ஒரு மர பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு, தூசியும் பல்லி முட்டையுமாக ஒரு பெட்டியை இழுத்தார். உள்ளே நுண்ணோக்கியின் அடித்தண்டு மட்டும் இருந்தது. "22, இதில் ஒன்று முழுமையற்றது" என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வேடிக்கையாக இருக்கிறது இல்லையா? அவர்களுக்கு வேடிக்கை இல்லை. ஓய்வு பெறும்போது நிலுவையில்லாச் சான்று வேண்டும். இருப்பில் குறைகிற பொருளுக்குக் கடைசியாக யார் கையெழுத்தோ அவரைத்தான் தணிக்கை கேட்கும். ஓய்வூதியப் பலன் அதனால் நிற்கும். அடுத்த மூத்தவர் பொறுப்பை ஏற்கத் தயங்குவதற்கும், ஏற்றாலும் நாள் கடத்துவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். துறையில் எல்லோரும் நழுவினால் வேறு துறைக்காரரைப் பொறுப்பில் போடுவார்கள். இயற்பியல் பேராசிரியர் ஒருவர் தாவரவியலுக்குப் பொறுப்பாக இருந்து, உலர்த்திய செடிகளின் பட்டியலில் லத்தீன் பெயர்களுக்குக் கீழே கையெழுத்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெயரையும் அவரால் உச்சரிக்க முடியவில்லை, ஆனால் கோப்பு நகர்ந்தது. அந்த மனிதரைப் பாராட்டத்தான் தோன்றியது.

ஆணைக்கும் ஒப்படைப்புக்கும் நடுவில் இருக்கிற இந்த நாட்கள்தான் மாணவருக்கு ஆபத்து. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்தார்கள் என்று அன்றைக்கே செய்தி வந்துவிடும், தலைஞாயிறுப் பக்கம் கடைமடை விவசாயி அப்புறமும் வரப்பில் நின்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் கடைமடை. பழையவர் "நான் இப்ப ஹெட் இல்லப்பா" என்பார், புதியவர் "நான் இன்னும் சார்ஜ் எடுக்கலையே" என்பார். எங்கள் இடத்தில் ஒரு முறை இப்படிப் பத்தொன்பது நாள் போனது. ஃபெல்லோஷிப் பில் நின்று, ஆறு ஆராய்ச்சி மாணவர்கள் மெஸ் பாக்கிக்குக் கடன் வாங்கினார்கள். தப்பு அலுவலகத்தின் மேல்தான், அதில் நானும் உண்டு. பழைய தேதியிலிருந்து பொறுப்பு நியமித்து ஒரு வரி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும், அது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆகவே முதல் காரியமாகத் துறை அலுவலக எழுத்தரிடம் போய், சார்ஜ் எடுத்த தேதி என்ன என்று மட்டும் கேளுங்கள். "ஏன் சார் போனார்" என்று கேட்டால் அவர் மூடிக்கொள்வார், தேதியைக் கேட்டால் சொல்லிவிடுவார். ஆணையில் "மறு உத்தரவு வரும் வரை, தமது பணியுடன் கூடுதலாக" என்று இருந்தால் அவர் தற்காலிகப் பொறுப்பு. அன்றாடக் கையெழுத்தெல்லாம் போடுவார். புதிய கருவி வாங்குவது, புதிய பாடம் சேர்ப்பது போன்றவற்றைத் தள்ளிவைப்பார். உங்களுக்கு வேண்டியது அன்றாடக் கையெழுத்துதான். பயப்பட வேண்டாம்.

கைடு விஷயம். அவர் எச்.ஓ.டி. என்பதால் உங்களுக்கு கைடு ஆனவர் இல்லை. பல்கலைக்கழகம் அவரை நெறியாளராக அங்கீகரித்திருப்பதால் ஆனவர். நாற்காலி போனாலும் அது போகாது. 2022 நவம்பரில் வந்த யுஜிசியின் பிஎச்.டி. நெறிமுறைப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேர் வரை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, ஆனால் ஏற்கெனவே இருப்பவர்களை ஓய்வு பெறும்வரை வழிநடத்தலாம். அதற்குப் பிறகு இணை நெறியாளராக, 70 வயதுவரை. மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியருக்கு ஓய்வு 60 வயதில், மத்தியப் பல்கலைக்கழகத்தில் 65. உங்கள் சாரின் வயதை இதில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வு நெருங்குகிறது என்றால், இப்போதே அதே துறையில் இன்னொருவரை நெறியாளராகச் சேர்க்கும் கடிதத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. இதை நீங்கள் எடுத்துச் சொல்லச் சங்கடப்படாதீர்கள், அவரே அதற்குத்தான் காத்திருப்பார்.

மாறப்போவது ஒன்றே ஒன்று. இதுவரை உங்கள் தாள்களில் "நெறியாளர்", "துறைத் தலைவர்" என்ற இரண்டு இடத்திலும் ஒரே கை, ஒரே பேனா, ஒரே நிமிஷத்தில் கையெழுத்து. இனி இரண்டு அறை, இரண்டு மனிதர்கள். சினாப்சிஸைக் கைடிடம் வாங்கிய பிறகு "துறைத் தலைவர் வழியாக" என்று புதியவருக்குப் போக வேண்டும். அவருக்கு உங்கள் ஆராய்ச்சி என்ன என்றே தெரியாமல் இருக்கலாம். கடைசி நாளில் தாளை நீட்டாமல், ஒரு வாரம் முன்பே போய் வணக்கம் சொல்லி, ஒரு பக்கச் சுருக்கம் கொடுத்து வையுங்கள். பழைய தலைவர் பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்பை மட்டும் தவறியும் குத்தி வாங்காதீர்கள். ஒப்படைப்புக்குப் பிந்தைய தேதியில் பழைய முத்திரை இருந்தால் ஆய்வுப் பிரிவில் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி அனுப்புவார்கள். நானே அனுப்பியிருக்கிறேன்.

ஃபெல்லோஷிப் வாங்குகிறவரா என்று எழுதவில்லை. ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) என்றால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) 42,000. மாதாமாதம் பல்கலைக்கழகத் தரப்பிலிருந்து இணையத்தில் உறுதி செய்தால்தான் பணம் வரும். அதற்குத் துறைத் தலைவரின் வருகைச் சான்று வேண்டிய இடங்களில் இந்த மாதம் ஒன்று தவறலாம். தவறினால் போகட்டும் என்று விடாமல், அடுத்த மாதப் படிவத்தில் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

தங்கையின் இன்டர்னல் மார்க்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். 25 மார்க்கோ எவ்வளவோ, அதைப் போடுகிறவர் பாடம் நடத்துகிற ஆசிரியர். தலைவர் அதைத் தொகுத்து அனுப்புகிறவர்தான். தேர்வுப் பிரிவுக்குப் போகும் முன் பட்டியலை மாணவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போடுவது வழக்கமென்றால், அன்றைக்கு லீவு போட வேண்டாம் என்று சொல்லுங்கள். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் ஒரு சிக்கல். மருத்துவச் சான்றைப் பழைய எச்.ஓ.டி. மேஜையில் கொடுத்தேன் என்பது செல்லாது. இன்னொரு நகலைப் புதியவரிடம் கொடுத்து, தன்னிடம் இருக்கிற நகலில் "பெற்றேன்" என்று எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இந்த மாதிரி நேரத்தில் துறை இரண்டு கட்சி ஆகும். "சாரைத் திரும்ப எச்.ஓ.டி. ஆக்குங்கள்" என்று மாணவர்கள் பெயரில் ஒரு மனு சுற்றும். கையெழுத்துப் போடாதீர்கள். கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். அவரே கேட்டு வாங்கிய விடுதலை என்றால், உங்கள் மனு அவரை மறுபடியும் மூட்டை தூக்கச் சொல்கிறது. அவரை இறக்கிவிட்டிருந்தாலோ, மனுவை எழுத வைத்ததே அவர்தான் என்று பேச்சு வரும். மறு பக்கத்தில், புதியவர் தப்பாக நினைப்பாரோ என்று பழையவர் அறைப் பக்கமே போகாமல் இருக்கிற பிள்ளைகளும் உண்டு. நேற்றுவரை வாசலில் வரிசையில் நின்றவர்கள் இன்றைக்கு எதிரே பார்த்தால் மாடிப்படி ஏறிவிடுவார்கள். அது அந்த மனிதருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

அவரைப் பார்க்கப் போனால், ஏன் சார் என்று ஆரம்பிக்க வேண்டாம். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைக் கையில் கொண்டு போங்கள். முன்பெல்லாம் ஒரு பக்கம் பார்ப்பதற்குள் நாலு கோப்பு, மூன்று போன் வந்திருக்கும். இப்போது உட்கார்ந்து படிப்பார், சிவப்பு மையில் நிறையவே திருத்துவார். தங்கைக்கும் திங்கள்கிழமை இரண்டாம் மணி வகுப்பு அவர் வகுப்புதான். மழை பெய்கிறது, எச்.ஓ.டி.யும் இல்லை, யார் கேட்பார்கள் என்று மட்டம் போட்டுவிடப் போகிறாள், சொல்லி வையுங்கள்.